நல்லி எலும்புக்குள் ஒரு சீசா

நல்லி எலும்பைத் தட்டில் 'டக் டக்' என்று தட்டி உறிஞ்சியிருக்கிறீர்களா? உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வருமே, அதுதான் எலும்பு மஜ்ஜை. நமக்கும் உண்டு. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றிலுள்ள சிவப்பு மஜ்ஜையில்தான் நம் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணுக்கள் மட்டுமே நொடிக்குச் சுமார் 20 லட்சம்!

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்திதான்: இரத்தக் குருத்தணு. ஒரே பாட்டிக்கு இத்தனை விதமான பேரப்பிள்ளைகளா?

குருத்தணுவில் சுமார் 20,000 மரபணுக்கள். அதிலிருந்து பிரியும் செல்களிலும் அதே மரபணுக்கள்தான். எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வேலை செய்யும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் உருவாகும். அதைப் பார்த்து செல் புரதம் தயாரிக்கும். இதுதான் 'மரபணு வெளிப்பாடு'.

ஒற்றைச் செல்லுக்குள் எந்த நகல் எத்தனை என்று இப்போது எண்ணிப் பார்க்க முடிகிறது. எந்த வழி என்று இன்னும் முடிவாகாத செல்லில், பல வகை அணுக்களுக்கான நகல்களும் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கும். பிறகு ஒரு பக்கம் ஓங்கும், மறுபக்கம் இறங்கும். பூங்காவில் சீசா ஆடுவீர்களே, அதுபோல!

அந்தச் சீசாவில் எதிரெதிரே, மரபணுக்களை இயக்கும் இரண்டு புரதங்கள்: காட்டா-1, பியு-1. மரபணுக்கள் அடங்கிய டி.என்.ஏ.வில் ஜி, ஏ, டி, ஏ என்ற எழுத்துகள் வரிசையாக வரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் 'காட்டா' என்று பெயர். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். காட்டா-1 ஓங்கினால் சிவப்பணு, தட்டணு வழி. பியு-1 ஓங்கினால் கிருமியை விழுங்கும் வெள்ளையணு வழி. இன்னும் பல புரதங்களும் கூடவே கைகொடுக்கும்.

சிவப்பணு வழியில் போன செல், ஹீமோகுளோபின் மரபணுக்களை முழுமூச்சாக இயக்குகிறது. முதிர்ந்த ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்! இவ்வளவுக்கும் இடம் வேண்டாமா? வழியிலேயே தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மரபணுக்களும் அதோடு போயிற்று. தள்ளிய உட்கருவைப் பக்கத்திலிருக்கும் விழுங்கு செல் ஒன்று 'லபக்' என்று விழுங்கிவிடும். மரபணுவே இல்லாமல் சுமார் 120 நாள் ஓடி ஓடி ஆக்சிஜன் சுமக்கிறது சிவப்பணு.

சரி, ஒரு கேள்வி. ஒரு சொட்டு இரத்தத்தில் மிகப் பெரும்பாலானவை சிவப்பணுக்கள். அவற்றில் டி.என்.ஏ. இல்லை. பிறகு இரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. சோதனை செய்கிறார்களே, எப்படி? சீசாவின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்!