சிறு எழுத்தைப் படிக்கக் கைப்பேசி கேமரா

நாகமலை புதுக்கோட்டை வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலர் மதுரை கீழமாசி வீதியில் சரக்கு எடுக்கிறோம். மற்றவை கம்பெனி வண்டியில் கடை வாசலுக்கே வந்து இறங்குகின்றன. இறக்கும்போது பெட்டிகளை எண்ணுகிறோம், பில் தொகையைக் கூட்டிப் பார்க்கிறோம். பாக்கெட்டிலுள்ள தேதியை மட்டும் பார்க்காமல் அடுக்கிவிடுகிறோம். காரணம், அந்த எழுத்து அவ்வளவு சிறியது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் எழுத்தின் உயரத்துக்கு வைத்த குறைந்த அளவே 1 மில்லிமீட்டர்தான். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அது வெறும் புள்ளியாகவே தெரியும்.

ஆனால் பொறுப்பு நம்முடையது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 27-ஆவது பிரிவு, காலாவதியான பின் பொருளைக் கொடுத்தால் மொத்த வியாபாரியும், விற்றால் சில்லறை வியாபாரியும் பொறுப்பாளி என்கிறது. யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கும் அப்படியே. "எழுத்துத் தெரியவில்லை" என்று வாடிக்கையாளரிடமும் சொல்ல முடியாது, அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

இதற்குத் தனியாகப் பூதக்கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. சட்டைப்பையிலுள்ள ஸ்மார்ட்போனே போதும். செய்முறை வருமாறு:

1. முதலில் கேமரா லென்ஸை மெல்லிய துணியால் துடைக்கவும். மாவும் எண்ணெயும் படிந்த லென்ஸில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

2. போனைப் பாக்கெட்டின் மேல் ஒட்டிப் பிடிக்க வேண்டாம்; படம் மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரையில் எழுத்து உள்ள இடத்தை விரலால் தொட்டால் தெளிவாகும். பிறகு படம் எடுத்து, இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஐபோன்களில் 2016 முதல் இதற்கென்றே 'மேக்னிஃபையர்' வசதி உள்ளது.

3. பளபளக்கும் உறையில் போனின் விளக்கு பட்டால் கூசும். பாக்கெட்டைச் சற்றுச் சாய்க்கவும். மையில்லாமல் அழுத்திப் பதித்த தேதிக்குப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் நிழல் விழுந்து எண் தெரியும்.

4. 3, 8 அல்லது 1, 7 என்று ஐயம் வந்தால், அதே பெட்டியிலுள்ள வேறொரு பாக்கெட்டையும் பார்க்கவும்.

தேதியோடு பேட்ச் எண்ணையும், 14 இலக்க உணவு உரிம எண்ணையும் பார்ப்பது நல்லது. உரிம எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இன்னொரு பயனும் உண்டு. பில்லையும் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், எடுத்த நாளும் நேரமும் போனில் பதிவாகிவிடும். தேதி நெருங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பேச்சுக்கு ஆதாரம் இருக்கும். ஆனால் படம் பில்லுக்கு மாற்றாகாது; பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

வண்டி கிளம்பும் முன்பே ஒவ்வொரு வகைச் சரக்கிலும் ஒரு பாக்கெட்டையாவது இப்படிப் பார்த்துவிடுவோம். தேதி முடிந்ததை அங்கேயே திருப்பிவிடலாம். குறைந்த நாள் உள்ளதை முன்வரிசையில் அடுக்கலாம். கடைப் பையன்களுக்கும் இதைப் பழக்கிவிடுமாறு வணிக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.