எண்ணி வைத்த தோட்டாக்கள்

அப்பா காலமான பிறகு பீரோவைத் திறந்தபோது நிலப் பட்டா, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், துப்பாக்கி உரிமம் மூன்றும் ஒரே மஞ்சள் பையில் இருந்தன. கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் அப்பாவின் கோணல் எழுத்தில் தோட்டாக் கணக்கு. ‘வாங்கியது 10. தை மாதம் ஒன்று, தென்னங்கன்றில் பன்றி, விரட்ட. ஒன்று நனைந்துபோனது, வெடிக்கவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்தேன். மீதி 8.’ இருபத்தாறு வருஷத்துக்கு இப்படியே எழுதியிருந்தார்.

அந்தத் துப்பாக்கியும் உரிமமும் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறின. நோட்டையும் நானே எடுத்துக்கொண்டேன். எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை உண்டு. எண்ணெய் போட்டுத் துடைத்த இரும்பின் வாசனையும், குழலை மடக்கும்போது கேட்கிற அந்த ஒற்றை ‘டக்’கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்த நோட்டைப் பற்றி. தோட்டாவுக்குக் கணக்கு வைத்திருக்கிறவனை எப்படி நடத்துகிறோம், கணக்கே இல்லாதவனை எப்படி விடுகிறோம் என்பது இன்று எங்கள் ஊரின் பெரிய கேள்வி.

எங்கள் ஊர் கூமாப்பட்டி. 2025இல் ஒரு வீடியோ பரவியதில் உலகத்துக்கே தெரிந்துபோன ஊர். பிளவக்கல் அணையையும் தென்னந்தோப்பையும் பார்க்க வந்தவர்கள் பகலில் வந்து பகலில் போனார்கள். மலையடிவாரத்து ராத்திரி வேறு மாதிரி. நட்டு மூன்று மாதமான தென்னங்கன்றின் அடியைப் பன்றி ஒரே முட்டில் புரட்டிவிடும். கடலைக்காட்டில் ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது உழுத நிலம் மாதிரி கிடக்கும்.

குழலும் ரவையும்

துப்பாக்கி என்றதும் சினிமாவில் பார்க்கிற இயந்திரத் துப்பாக்கிதான் பலர் மனதில் வரும். விவசாயி கையில் இருப்பது பெரும்பாலும் பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் பன்னிரண்டு போர். குறுக்களவு ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். உள்ளே புரி கிடையாது, வழவழப்பான குழல். அதனால் ரைஃபிள் போலத் தொலைதூரம் குறி பிடிக்காது. முப்பத்தைந்து மீட்டரைத் தாண்டினால் ரவை சிதறி, வலுவும் குறைந்துவிடும்.

தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கேப், அதற்கு மேல் மருந்து, நடுவில் தக்கை, மேலே ரவை. எல்.ஜி. என்று போட்டிருந்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய குண்டுகள். 6ஆம் நம்பர் என்றால் கம்பு மணி அளவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். நம் நாட்டில் அதிகம் புழங்கும் சக்திமான் தோட்டா புனே அருகே கட்கியிலுள்ள அரசுத் தொழிற்சாலையில் செய்வது. நமக்கும் பக்கத்திலேயே, திருச்சியில், 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. தட்டு சுடும் போட்டிகளில் பிடிக்கிற துப்பாக்கியும் இதே பன்னிரண்டு போர்தான். புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது அந்தப் போட்டிக்காக.

என் துப்பாக்கி இரட்டைக் குழல், பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தில் செய்தது. குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று முத்திரை இருக்கும். அந்த ஊரில் அழுத்தச் சோதனை செய்து தேறிய குழல் என்பதற்கு அதுதான் அடையாளம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியும் பெல்ஜியத் தயாரிப்புதான். ஒரே நாட்டு இரும்பு. ஒன்று சரித்திரத்துக்குப் போனது, ஒன்று எங்கள் தென்னந்தோப்புக்கு வந்தது.

பிடுங்கப்பட்ட ஆயுதம்

நம் பக்கத்து மண்ணுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பழையது. சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி எல்லாம் பாளையங்கள். ஊர்க்காவல் அவர்கள் பொறுப்பு, ஆயுதமும் அவர்கள் கையில் இருந்தது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டும் கிளர்ச்சி அடங்கவில்லை. 1801இல் மருது சகோதரர்களையும் வீழ்த்திய பிறகு, அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு விட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி, வேல், ஈட்டி எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது. தென்தமிழகம் நிராயுதபாணியானது அப்போதுதான்.

நாடு முழுமைக்கும் அந்தப் பூட்டு 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டமாக வந்தது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. பக்கத்து மாநிலத்தில் குடகர்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. குடகில் துப்பாக்கிக்குப் பூஜையே உண்டு.

சுதந்திர இந்தியா 1959இல் தன் ஆயுதச் சட்டத்தை எழுதியபோது, விவசாயியை மறக்கவில்லை. பயிர்க் காவலுக்கு மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி, இவற்றைக் கேட்கிற குடிமகனுக்குத் தகுந்த தடை இல்லாவிட்டால் உரிமம் கொடுக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் மேல்முறையீடும் செய்யலாம்.

2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதிலாக இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். உரிமத்தின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருஷமானது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் திருத்தத்தை நான் மனதார வரவேற்கிறேன். வானத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்குக் குண்டு எங்கே விழும் என்ற கவலை இல்லை. அந்தக் கவலை இல்லாதவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் 1791இலேயே ஆயுதம் வைத்திருப்பதை அரசியல் சட்ட உரிமையாக்கிவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் விழுகிற பிணங்களைப் பார்க்கும்போது, துப்பாக்கியை நேசிக்கிற எனக்கு அந்த வழி வேண்டாம் என்றே தோன்றுகிறது. ஏட்டையா வீட்டுக்கு வந்து விசாரித்து, அக்கம்பக்கத்தில் கேட்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று பார்த்து, பிறகு கொடுக்கிற உரிமமே நல்லது. அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பத்து கிலோமீட்டர்

எங்கள் ஊருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகி, தமிழகத்தின் ஐந்தாவது காப்பகம் என்ற பெயரும் பெற்றது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற உரிமக்காரர்கள் வனத்துறையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். புது உரிமம் என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். நாங்கள் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள்.

இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. மலை இருப்பதால்தான் அணையில் தண்ணீர், தண்ணீர் இருப்பதால்தான் எங்கள் நெல்லும் தென்னையும். மலைக்குள் ஒரு வெடிச் சத்தமும் கேட்கக் கூடாது. ஆனால் அடிவாரத்துச் சம்சாரி என்ன செய்வான்?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022லேயே வேறு வழியில் போனது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களையே அந்த வேலைக்குப் பயன்படுத்தியது.

துறையின் ஆள் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும் என்கிறார்கள் எங்கள் சம்சாரிகள். அந்த ஆற்றாமையில்தான் அவுட்டுக்காய் வருகிறது. தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றி வரும் வழியில் போடுவது. கடித்ததும் வாய் சிதறும். அதற்கு உரிமம் இல்லை, எண் இல்லை, வைத்தவன் யார் என்றும் தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துப் பசு ஒன்று அதைக் கடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. நின்றபடியே எங்களைப் பார்த்தது. “அண்ணாச்சி, எப்படியாவது பிழைக்க வையுங்க” என்று அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையைத்தான் ஆட்டினார். மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் முதலில் கதவைத் தட்டியது என் வீட்டில். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் நான்தானே. நோட்டைக் காட்டினேன், மீதித் தோட்டாக்களை எண்ணிக் காட்டினேன். கணக்கு வைத்திருப்பவனிடம் கணக்குக் கேட்பது சுலபம். அவுட்டுக்காய் வைத்தவன் இன்றுவரை அகப்படவில்லை.

தேர்தல் வந்தால்

ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. நடுவே 80 நாள். சரியாக மாங்காய் பழுக்கும் காலம். உதிர்ந்த பழத்துக்குப் பன்றி தோப்பிறங்கும் காலமும் அதுதான். முன்னொரு தேர்தலில் ஒப்படைத்த என் துப்பாக்கி துருவேறித் திரும்பியது. மூன்று நாள் உட்கார்ந்து குழலைத் துடைத்தேன்.

தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆணையத்தின் வழிகாட்டுதலே ஒவ்வொரு உரிமத்தையும் மாவட்டக் குழு பரிசீலிக்கச் சொல்கிறது. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், கலவரத்தில் சேர்ந்தவர் என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பழைய கவர்னர் காலத்து நினைப்பு இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

எந்தக் கட்சி ஆண்டாலும் நான் கேட்பது மூன்று. அடிவாரத்துப் பதிவுபெற்ற உரிமக்காரர்களுக்கு வனத்துறையே பயிற்சி கொடுத்து, தன் கண்காணிப்பில் வெளி எல்லையில் பயன்படுத்திக்கொள்ளட்டும். அவுட்டுக்காய்க்கு மருந்து எங்கிருந்து வருகிறது என்று வேரைத் தேடட்டும். பயிர் இழப்பீட்டை அடுத்த விதைப்புக்குள் கொடுக்கட்டும். கடைசி ஒன்று சரியாக நடந்தால் முதல் இரண்டும் பாதி தேவைப்படாது. வயிறு நிறைந்தவன் வெடி வைக்க மாட்டான்.

அப்பாவின் நோட்டு முடிந்து நான் வாங்கிய நோட்டும் பாதி ஓடிவிட்டது. இந்த வருஷம் வாங்கியது 10. மாசியில் ஒன்று, கடலைக்காட்டில் விரட்ட, வரப்பு மண்ணைப் பார்த்து. பங்குனியில் ஒன்று, அதே காரணம். மீதி 8. நேற்று ராத்திரி மறுபடி எண்ணினேன். எட்டும் இருந்தன.