யாருடைய ழகரம்? பேச்சுச் சிகிச்சைக் கல்வி குறித்துச் சில குறிப்புகள்

என் தங்கை மகன் நாலரை வயதிலும் காக்காவைத் 'தாத்தா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் அமாவாசைச் சோறு வைக்கும்போது அம்மா, "அவெஞ் சொல்றதுல என்னடா தப்பு, வந்து திங்கிறது அவெந் தாத்தாதான" என்பாள். வீடே சிரிக்கும். பால்வாடியில் பிள்ளைகள் சிரித்தபோது மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நாளில் அங்கே பேசுவதையே விட்டுவிட்டான்.

மதுரையில் ஒரு சிகிச்சையகத்தில் காட்டினோம். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அறிக்கையில் இரண்டு பிழைகள் பதிவாயின: 'க'வுக்குப் பதில் 'த', 'ழ'வுக்குப் பதில் 'ள'. மூன்று மாதம், வாரம் ஒரு நாள், தோட்டக் கூலியை விட்டுவிட்டு என் தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நேரத்தில் பெரும்பங்கு ழகரத்துக்கே போயிற்று. நாக்கை மடித்து வாழைப்பழம், கோழி, மழை. வீட்டுக்கு வந்தால் அவன் காதில் விழுவது வாளப்பளம், கோளி, மளெ. சொல்லிக்கொடுக்க வேண்டிய அம்மாவுக்கே அந்த ஒலி வராது. எனக்கும் மேடையில்தான் வரும்.

அந்த இரண்டு 'பிழை'களும் ஒன்றல்ல என்பதே இங்கு நான் சொல்லவருவது. அடித்தொண்டைப் பக்கம் பிறக்கவேண்டிய ககரத்தைப் பல்லுக்குக் கொண்டுவருவது சிறுபிள்ளைகள் பலரும் செய்வதுதான். ஒரு வயதுக்குமேல் நீடித்தால் கவனிக்கவேண்டும். ஏனெனில் அங்கே பொருள் நொறுங்குகிறது. காய் 'தாய்' ஆகிறது, கட்டு 'தட்டு' ஆகிறது, காக்கா தாத்தாவாகிறது. அந்தப் பிள்ளையைச் சுற்றி வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை. ழகரம் ளகரமாவதோ தென்மாவட்டப் பேச்சின் ஒலியமைப்பு. கம்பத்தில் 'பளம்' கேட்டு யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கிழிக்கும் கிளிக்கும் உள்ள வேறுபாட்டை இடம்பொருள் பார்த்துக்கொள்கிறது. முதலாவது பிள்ளையின் சிக்கல். இரண்டாவது அவன் தன் தாய்மொழியைச் சரியாகவே கற்றிருக்கிறான் என்பதற்கான சான்று. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அதே படங்களைத் தாயிடம் காட்டிப் பெயர் கேட்டால் போதும்.

ஏன் கேட்கவில்லை? சிகிச்சையாளரின் தனிப்பட்ட குற்றமாக இதைச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1992இன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவையும் பாடத்திட்டத்தையும் கட்டாயமாக்கியது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு. கடைசி ஆண்டு களப்பயிற்சி. உடற்கூறியல், ஒலியியல், மொழியியல், செவித்திறன் சோதனை எல்லாம் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். 'கிளினிக்கின் பிறப்பு' (1963) நூலில் ஃபூக்கோ மருத்துவப் பார்வை எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது என்று பேசினார் (அவரை இழுக்காமல் சிறுபத்திரிகையில் கட்டுரை எழுத முடியாது போலிருக்கிறது). இங்கே நாம் பேசவேண்டியது கண்ணைப் பற்றியல்ல, பயிற்றுவிக்கப்பட்ட காதைப் பற்றி. எது பிழையாகக் கேட்கும், எது கேட்காது என்பதைப் பல்கலைக்கழகம் அந்தக் காதுக்குள் எழுதிவிடுகிறது.

தமிழ்ச் சூழலில் அதற்குமுன்பே ஒன்று அங்கே எழுதப்பட்டுவிட்டது. ழகரம் நமக்கு வெறும் ஒலி அல்ல, அடையாளச் சின்னம். பள்ளிக்கூடமும் மேடையும் அதைத் தமிழனின் நாக்குக்கு வைத்த பரீட்சையாக ஆக்கிவைத்திருக்கின்றன. சென்னையில் கோழியைக் 'கோயி' என்பவனும் கம்பத்தில் 'கோளி' என்பவனும் அதில் தோற்றவர்கள். (ழகரத்தைத் தமிழின் தனிச்சொத்து என்பவர்கள் ஒருதரம் குமுளிக்கு ஏறிப் பார்க்கலாம். ஏலத்தோட்டத்து மலையாளிகள் 'மழ' என்று அவ்வளவு அழகாகச் சொல்வார்கள்.) இந்தப் பழைய பரீட்சைதான் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு மருத்துவ அறிக்கையாக வருகிறது.

வெளியே இந்த விவாதம் எப்போதோ நடந்துவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு அதற்கேயான தர்க்கம் உண்டு என்று வில்லியம் லபோவ் 1969இல் வாதிட்டார். ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் பேச்சுக் குறைபாடு அல்ல என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கம் 1983இல் அறிவித்தது. இதைப் பையனின் சிகிச்சையாளரிடமே கேட்டேன். சின்னப் பெண், நல்ல பிள்ளை. "படிச்சிருக்கோம் சார், தனிச் சாப்டரே இருக்கு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா அதுல கறுப்பு அமெரிக்கர்தான் வர்றாங்க, கம்பம் வரல" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்க வீட்லயும் பளம்தான் சார். காலேஜ்ல கேலி பண்ணித்தான் மாத்திக்கிட்டேன்" என்றார். எனக்கு மேற்கொண்டு பேச வரவில்லை.

பள்ளத்தாக்கில் சிக்கல் ழகரத்தோடு முடிவதில்லை. கம்பத்திலேயே வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள், தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. விடியற்காலை ஜீப்பேறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும் தாய்மாரின் பிள்ளைகள் அப்பத்தாவின் பேச்சில் வளர்கிறவர்கள். இவர்களில் ஒரு பிள்ளை தாமதமாகப் பேசினால் எந்த மொழியில் சோதிப்பது? பக்கவாதத்தில் பேச்சிழந்த கன்னட வீட்டுக் கிழவரிடம் தமிழ்ப் படஅட்டையைக் காட்டினால் கிடைக்கும் மௌனம் எதனுடையது, மூளையினுடையதா, மொழியினுடையதா?

தேனியில், க.விலக்கில், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேச்சுச் சிகிச்சை மாணவர்களின் களப்பயிற்சி ஆண்டில் சில மாதங்களாவது இப்படிப்பட்ட மாவட்டங்களில் கழியவேண்டும். வந்தவர்கள் முதலில் சிகிச்சை தரவேண்டாம். சந்தையில், பால்வாடியில், களத்துமேட்டில் நலமான பிள்ளைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்யட்டும். எந்த ஒலி எந்த வயதில் இங்கே வருகிறது என்ற அட்டவணை உள்ளூரிலிருந்து உருவானால்தான் குறைபாடு எது என்று சொல்லும் தகுதி வரும். இதைப் பாடத்திட்டத்தில் எழுதச்சொல்லிக் கேட்கவேண்டியது சிகிச்சையாளர்கள் மட்டுமல்ல. வட்டார வழக்கில் கதையெழுதிப் பேர்வாங்கிய நாமும்தான்.

அந்தப் பெண் ழகரத்தை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டுக் ககரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் சொல்லி விளையாட்டாகவே ஆரம்பித்தார். ஏழெட்டு வாரத்தில் மாடியில் நின்று பையன் "காக்கா" என்று கத்தினான். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். சோற்றோடு வைத்திருந்த பளத்தை அவனிடமே கொடுத்துவிட்டாள்.