சிரட்டைக் கரியில் கோழி: எப்படி வேகிறது?

பிலிப்பைன்ஸின் சிறிய சுட்டிறைச்சிக் கடைகளில் அடுப்பு பெரும்பாலும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். நீளமான இரும்புத் தொட்டியில் கரி, மேலே கம்பித் தட்டு, விசிறியும் கையுமாக ஒருவர். குச்சியில் கோத்த கோழியையோ மீனையோ கைகாட்டிச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். நீக்ரோஸ் தீவின் பக்கோலோட் நகரம் இப்படிச் சுடும் ‘இனாசல்’ கோழிக்குப் பேர்போனது. 2003-ல் இலோயிலோ நகரில் எட்கர் சியா தொடங்கிய ‘மாங் இனாசல்’ உணவகத் தொடர் அதை நாடெங்கும் கொண்டுபோனது. 2010-ல் ஜாலிபீ நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது.

கேம்பல் பேயில் உட்கார்ந்து இதை ஏன் பேச வேண்டும்? தேங்காய், மீன், எலுமிச்சை என்று இந்தச் சமையலுக்கு ஆதாரமானவை கிரேட் நிக்கோபாரிலும் உண்டு. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய ஊர், அந்தத் தீவின் கேம்பல் பே. அவரவர் ஊர்ச் சமையல் அவரவருடன் வந்தது. இன்னொரு தென்னைத் தீவின் சமையலுக்கும் அங்கே இடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பளத்தைத் தணலில் சுட்டவர்களுக்கு இந்த அடுப்பின் பாதி ரகசியம் முன்பே தெரியும். தணலுக்கும் அப்பளத்துக்கும் நடுவே இருப்பது காற்று மட்டும். ஆனாலும் நொடியில் கொப்புளம் எழும்புகிறது. செந்தணலின் வெப்பம் கதிராகப் பாய்ந்து நேராக அப்பளத்தில் விழுவதே காரணம். கொஞ்சம் தாழ்த்தினால் கருகும், உயர்த்தினால் பொரியாது, தீ நாக்கு பட்டால் கரி படியும். கம்பித் தட்டின் மேலிருக்கும் கோழிக்கும் இந்தச் சட்டம்தான். கடைக்காரர் விசிறுவது தீ எழுப்ப அல்ல, தணலுக்குக் காற்றூட்ட.

ஆனால் அப்பளம் காய்ந்தது, கோழி ஈரமானது. மேல்தோலில் நீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது கடினம். பொன்னிறமும் சுட்ட மணமும் எழுவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். உள்ளே எலும்பையொட்டிய சதை 74 டிகிரியைத் தொட்டால்தான் கோழி சாப்பிடத் தக்கது. வெளியே ஒரு வேகம், உள்ளே ஒரு வேகம். அதனால்தான் தொடைக்கறியைக் கீறிவிட்டு, மிதமான தணலில் வைத்து, திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். பசியோடு காத்திருப்பவர் அவசரப்படுத்தினால் தோல் கருகி உள்ளே சிவப்பாகவே நிற்கும். நல்ல கடையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

கரியும் முக்கியம். சிரட்டைக் கரி அடர்த்தியானது. புகை குறைவு, நின்று எரியும். அப்படியானால் அந்தப் புகைமணம் எங்கிருந்து? சொட்டும் கொழுப்பிலிருந்து. தணலில் விழுந்த சொட்டு உடனே ஆவியாகி மேலெழுந்து இறைச்சியிலேயே படிகிறது. இனாசலுக்கு அன்னாட்டோ விதையைக் காய்ச்சிய செந்நிற எண்ணெயைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். நிறமும் அதுதான், சொட்டுவதில் ஒரு பங்கும் அதுதான். சர்க்கரை சேர்ந்த பூச்சுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. பன்றி இறைச்சிக் குச்சிகளில் பூசும் வாழைப்பழக் கெட்சப் கலவை சீக்கிரம் தீய்ந்துவிடும், ஆகவே அது கடைசியில். தக்காளிக்கு மாற்றாக வாழைப்பழத்தில் கெட்சப் செய்தவர் மரியா ஒரோசா என்ற உணவு வேதியியலாளர். 1945-ல் மணிலா போரில் உயிரிழந்த அவரை இந்தக் குச்சிகளோடு சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

அடுப்புக்குப் போவதற்கு முன்பே புளிப்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. வினிகர், கலமான்சி என்ற சிறு எலுமிச்சை, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு ஆகியவற்றில் கோழி ஊறுகிறது. அமிலம் ஆழமாக இறங்குவதில்லை. மேற்சதையை மட்டும் இளக்குகிறது. நெடுநேரம் விட்டால் அதே அமிலம் சதையை மாவாக்கிவிடும். அந்த வினிகரும் பனைக் குடும்பத்தின் கொடை: தென்னங்கள்ளைப் புளிக்க விட்டால் கிடைப்பது, அல்லது உப்பங்கழியோரம் வளரும் நீப்பா மரத்தின் பதநீரிலிருந்து. 1521-ல் கடலோடி மெகல்லனுடன் போன பயணக் குறிப்பாளர் பிகாஃபெட்டா, தென்னையிலிருந்தே பிலிப்பைன்ஸ் மக்கள் கள்ளும் எண்ணெயும் வினிகரும் எடுப்பதை எழுதிவைத்தார். நீப்பா அந்தமான் நிக்கோபார் அலையாத்திக் காடுகளிலும் உண்டு. நிக்கோபாரில் தென்னங்கள் இறக்குவதும் பழைய வழக்கம்.

மேசையில் புளிப்பு இரண்டாம் முறை வருகிறது. சோயா சாஸ், கலமான்சிச் சாறு, காந்தாரி போன்ற சிறு மிளகாய். அல்லது மிளகாயும் அரத்தையும் பூண்டும் ஊறிய ‘சினாமாக்’ வினிகர். கலந்துகொள்வது சாப்பிடுபவரின் கை. கொழுப்பு நாவில் படிந்து சுவையை மழுக்கும்போது புளிப்பு அதைத் துடைத்துவிடுகிறது. அடுத்த கவளம் முதல் கவளம்போல இருக்கிறது. சோற்றின் மேல் செந்நிறக் கோழி எண்ணெய் ஊற்றிப் பிசைந்து கையாலேயே உண்கிறார்கள்.

கேம்பல் பேயில் தொடங்குவதென்றால் மீனில் தொடங்குவேன். மீன்சதை மெல்லியது, ஊறவைக்கத் தேவையில்லை. உப்பும் எலுமிச்சையும் தடவி, வயிற்றுக்குள் தக்காளி, வெங்காயம், இஞ்சி அடைத்து, வாழையிலையில் சுற்றித் தணல் மேல் வைக்க வேண்டும். இலை வெப்பக்கதிரைத் தான் வாங்கிக்கொள்ளும், மீன் தன் ஆவியிலேயே வேகும். முதுகெலும்பிலிருந்து சதை எளிதாகப் பிரிந்தால் உடனே இறக்கிவிட வேண்டும்.