பிரித்தாலும் வீணாகாத நூல்

“சிங்கப்பூர் வெயிலுக்கு எதற்கு ஸ்வெட்டர்?” என்று அம்மா கேட்டார். விரிவுரை அரங்கின் குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குப் பதில் தெரியும். கடையில் வாங்காமல் நானே பின்ன முடிவெடுத்தேன்.

நிட்டிங்கிற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே நிற்கும். குரோஷேவுக்கு ஒரே கொக்கி ஊசி போதும். ஒரு கண்ணியை முடித்த பிறகே அடுத்தது. ரயிலில் பின்ன இதுவே வசதி. நம் வானிலைக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூல் ஏற்றது.

முதலில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, அதில் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணி அளவைக் கணக்கிட வேண்டும். அவசரத்தில் அதை நான் செய்யவில்லை. ஆறு வாரம் பின்னிய முதுகுப்பகுதி, என் தோளைவிட ஒரு சாண் அகலமாக வந்தது. அழுகையே வந்துவிட்டது. நூல்முனையை இழுத்தேன், சற்று நேரத்தில் எல்லாம் மீண்டும் பந்தாகிவிட்டது. ஆனால், நூல் ஒரு முழம்கூட வீணாகவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. ஆடைத் தொழிற்சாலை இயந்திரங்கள் குரோஷே பின்னுவதில்லை. அதைப் போன்ற தோற்றத்தை மட்டுமே தருகின்றன. கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷே சட்டையையும் யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். ஆறு வார உழைப்புக்குப் பிறகு, அந்த விலைச்சீட்டைப் பார்த்தால் அவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

இரண்டாம் முயற்சி வரிசை வரிசையாக வளர்கிறது. “ஆபீஸ்ல ரொம்பக் குளிருது, எனக்கும் ஒன்னு” என்கிறார் அம்மா. மாதிரிச் சதுரம் தயார்.