பிழைகளைப் படிக்கும் படிப்பு

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், சூளூர்ப்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் வருவது நாயுடுபேட்டை. அருகே சுவர்ணமுகி ஆறு. மேற்கே திருக்காளத்திக்கும் திருப்பதிக்கும் செல்லும் சாலை. 1953 வரை சென்னை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ளது. கடைவீதியின் மொழி தெலுங்கு. சென்னையோடு தொழிலும் உறவும் உள்ளவர்களுக்குத் தமிழும் பழக்கம். ஆனால் கல்லூரி விண்ணப்பம், நிறுவன நேர்காணல், ஒப்பந்தப் பத்திரம் என்று வந்துவிட்டால் இரு மொழியினரும் ஆங்கிலத்தின் முன் ஒன்றுபோல் தயங்குகின்றனர்.

இந்தத் தயக்கத்தை ஆராய்வதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு உண்டு. அதன் பெயர் பயன்பாட்டு ஆங்கில மொழியியல். ஆங்கிலத்தில் முதுகலை என்றாலே ஷேக்ஸ்பியரும் மில்டனும்தான் என்று எண்ணும் பெற்றோருக்கு, பிள்ளை இப்படிப்பின் பெயரைச் சொல்லும்போது ஐயம் எழுவது இயல்பே. ‘ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பா? இதற்கு இரண்டு ஆண்டுகளும் சேமிப்பும் தேவையா?’ என்று அவர்கள் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான்.

பிழைக்கும் ஒரு காரணம் உண்டு

செல்லப் பிராணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் படுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பெட்’ என்றே அமையும். தெலுங்கில் அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆகவே தமிழ் எழுத்தின் வழியாக ஆங்கிலத்தைக் கற்கத் தொடங்கும் சிறுவன் இங்கே தடுமாறலாம். பக்கத்து இருக்கையில் உள்ள தெலுங்குச் சிறுமிக்கு அந்தத் தடுமாற்றம் இராது. மாறாக, ‘தி’ என்னும் ஆங்கிலச் சுட்டை இருவருமே விட்டுவிடுவர். ஏனெனில் அதற்கு நிகரான சொல் இரு தாய்மொழிகளிலும் இல்லை. ‘சின்னச் சின்ன’ என்று அடுக்கிச் சொல்லும் பழக்கம் இரண்டிலும் இருப்பதால், ‘ஸ்மால் ஸ்மால் திங்ஸ்’ என்பதும் இருவர் வாயிலும் வரும்.

இவற்றையெல்லாம் கவனக்குறைவு என்று கருதிச் சிவப்பு மையால் சுழித்துவிடுவது எளிது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பிட் கார்டர் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரை அந்தப் பார்வையை மாற்றியது. அவசரத்தில் நிகழும் தவறு வேறு. திரும்பத் திரும்ப ஒரே முறையில் நிகழும் பிழை வேறு. மாணவன் எதுவரை கற்றிருக்கிறான், அடுத்து எதைக் கற்கப்போகிறான் என்பதை ஆசிரியருக்கு அறிவிப்பது இரண்டாவது வகை என்பது அவர் துணிபு. கற்பவரின் மொழி அரைகுறை ஆங்கிலமன்று, தனக்கென விதிகளைக் கொண்ட ஓர் இடைநிலை மொழி என்று 1972-இல் லாரி செலிங்கர் விளக்கினார். இத்துறையின் அடித்தளக் கருத்துகளுள் இவை முதன்மையானவை.

தென்னிந்தியாவே ஆய்வுக்கூடம்

இது மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு மட்டுமன்று. 1950களின் இறுதியில், தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் திட்டம் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, உருளும் பனிப்பந்துபோல் எண்ணிக்கை பெருகவேண்டும் என்பதே அதன் முறை. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது. அதுவே வளர்ந்து 2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வொன்றும் இங்கே நடைபெற்றது. 1979 முதல் 1984 வரை பெங்களூரையும் சென்னையையும் உள்ளிட்ட தென்னிந்திய நகரங்களின் சில பள்ளிகளில் என்.எஸ்.பிரபு அதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, மாணவர் முன் ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ வைத்தனர். எந்த வண்டியில் ஏறினால் உரிய நேரத்துக்குள் ஊர் சேரலாம் என்பது போன்ற கணக்கை ஆங்கிலத்திலேயே தீர்க்கவேண்டும். கவனம் பொருளின்மீது இருக்கும்போது இலக்கணம் தானே மனத்தில் படியும் என்பது பிரபுவின் கருதுகோள். பின்னர் மதிப்பிட்ட ஆய்வாளர்களின் முடிவுகள் பெரும்பாலும் அதற்குச் சாதகமாகவே இருந்தன. எனினும் வழக்கமான வகுப்புகளோடு இவற்றை ஒப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடுகளையும் அவர்கள் மறைக்கவில்லை. இன்று பல நாடுகளில் வழங்கும் ‘செயல்வழி மொழிக்கற்பித்தல்’ என்னும் முறையின் முன்னோடியாக இத்திட்டம் கருதப்படுகிறது.

தமிழர் இருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான பா.குமாரவடிவேலு, எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே முறை என எதுவுமில்லை, தம் மாணவரை அறிந்த ஆசிரியரே முறையை வகுக்கவேண்டும் என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்குள்ள தமிழ் மாணவர் ஆங்கிலத்தை எவ்வாறு எதிர்த்தும் ஏற்றும் தமதாக்கிக்கொள்கின்றனர் என்பதை 1999-இல் நூலாக வெளியிட்டார்.

படிப்பும் பணியும்

இந்தியாவில் இப்படிப்பு பொதுவாக நான்கு பருவங்கள், இரண்டு ஆண்டுகள். பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு. ஒலியியல், தொடரியல், இரண்டாம் மொழி கற்றல், தேர்வு வடிவமைப்பு, பாடத்திட்ட ஆக்கம், சமூக மொழியியல், ஆய்வு முறைகள் ஆகியன முதன்மைப் பாடங்கள். இறுதியில் ஆய்வேடு எழுதவேண்டியிருக்கலாம். நாயுடுபேட்டையின் தெலுங்கு, தமிழ்க் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஒப்பிடுவதே சிறந்த ஆய்வுப் பொருளாகும்.

கல்லூரி ஆசிரியப் பணி, பாடநூல் ஆக்கம், தேர்வு நிறுவனங்கள், பணியாளர் பயிற்சி, கணினி மொழித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு இது வழிவகுக்கும். ஆயினும் சேருமுன் மூன்று செய்திகளை உறுதி செய்துகொள்வது நன்று.

முதலாவது, பள்ளி ஆசிரியராக இப்பட்டம் மட்டும் போதாது. கல்வியியல் பட்டமும் உரிய தகுதித் தேர்வும் வேண்டும். இரண்டாவது, கல்லூரி ஆசிரியருக்கான ‘நெட்’ தேர்வில் ஆங்கிலமும் மொழியியலும் தனித்தனிப் பாடங்கள். பட்டச் சான்றிதழில் எப்பெயர் அச்சிடப்படும், விரும்பும் பணிக்கு அது ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, ஒரே பெயரில் நடைபெறும் படிப்புகளிலும் பாடங்கள் வேறுபடும். பாடத்திட்டத்தை முழுமையாகப் படித்த பின்னரே கட்டணம் செலுத்துக.

கடன் பெறுவோர் கவனத்திற்கு

கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கலாம். இதனை வட்டியில்லாக் காலம் என்று எண்ணிவிடலாகாது. எடுத்துக்காட்டாக, ரூ.3 லட்சம் முழுவதையும் தொடக்கத்திலேயே பெற்று, ஆண்டுக்கு 9 விழுக்காடு தனிவட்டி எனக் கொண்டால், ஓராண்டு வட்டி ரூ.27,000, மூன்று ஆண்டுகளில் ரூ.81,000. படிக்கும் காலத்திலேயே பெற்றோர் மாதம் ரூ.2,250 செலுத்தி வந்தால், பிள்ளை பணியில் சேரும் நாளில் அசல் மட்டுமே எஞ்சியிருக்கும். கட்டணத்தைப் பருவந்தோறும் பிரித்துப் பெற்றால் வட்டி இன்னும் குறையும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு பெறலாம். அசலுக்கு அச்சலுகை இல்லை.

பிள்ளையின் விருப்பத்தை அளந்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தம்பியோ தங்கையோ ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் பிழையாகச் சொல்லும்போது, நகைக்கவோ திருத்தவோ முந்தாமல், ‘ஏன் இப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்கும் இயல்பு அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்குமானால், பாடத்திட்டத்தை வரவழைத்து வீட்டில் அனைவருமாக அமர்ந்து படியுங்கள். சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் கிடைத்தவுடன் அருகிலுள்ள கிளையை அணுகலாம்.