பதினாறு படிகளும் பஞ்சவாத்தியமும்

பாலக்காட்டுப் பகுதியின் திருவிழாக்களில் பஞ்சவாத்தியம் கேட்டவர்கள், அதன் தொடக்கம் எத்துணை நிதானமானது என்பதை அறிவர். திமிலை, மத்தளம், இடக்கா, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்தும் கூடும் இம்மேளத்தின் முதற் காலத்தில் ஒரு சுற்று நிறைவுற 896 அட்சரங்கள் செல்கின்றன. இரண்டாங் காலத்தில் 448, மூன்றாவதில் 224, நான்காவதில் 112, ஐந்தாவதில் 56. சுற்று பாதி பாதியாகக் குறையக் குறைய வேகம் ஏறுகின்றது. எழுதிய குறிப்பு எதுவும் முன்னால் இல்லாமல், பல கலைஞர்கள் இக்கணக்கை மனத்திலும் கையிலும் மட்டுமே தாங்கி நிற்கின்றனர்.

இக்கணக்கை ஒரு சிறு மின்னணுப் பெட்டியில் அமைக்க இயலுமா? இயலும். ஆயினும் பெட்டியை வாங்கியபடியே இயக்கினால், ஐந்தாங் காலத்தில் அது தடுக்கி விழும். காரணத்தை அறிந்துகொள்வது சித்தூர், தேவிகுளம், பீருமேடு ஆகிய எல்லைத் தாலுக்காக்களின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயன்படும். மிருதங்கம் வாசிப்போர் அருகில் கிடைக்காத மலைப்பள்ளியில் தாளத்துணைக்கு இக்கருவி உதவும். ஆனால் அதன் இயல்பு தெரியாமல் வகுப்பில் வைத்தால், எல்லா இசையையும் நான்கு நான்காகவே கேட்கும் பழக்கத்தை அது பிள்ளைகளின் செவியில் ஊன்றிவிடும்.

இக்கருவிக்கு சீக்வென்சர் என்று பெயர். வரிசைக் கருவி எனலாம். அதன் முகப்பில் பெரும்பாலும் 16 பொத்தான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு படி. எந்தப் படியில் எந்த ஒலி எழ வேண்டும் என்று அழுத்தி வைத்தால், கருவி முதற்படியிலிருந்து கடைசிப்படி வரை சீராகச் சென்று, மீண்டும் முதலுக்குத் திரும்பும். அது பாட்டை அறியாது. துடிப்புகளை எண்ணவும் நினைவில் வைக்கவும் மட்டுமே அறியும்.

வரிசைக் கருவி பிற கருவிகளுடன் பேசும் மொழி ‘மிடி’ எனப்படுவது. (தமிழில் மிடி என்றால் வறுமை; இந்த மிடிக்கு அப்பொருள் இல்லை.) அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குதாரோ கக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983இல் இது பொதுவிதியாக வெளிவந்தது. இடுக்கி மலைகளுக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1986இல், ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையில் கணிப்பொறியைப் பயன்படுத்தினார்.

புதிதாகப் பயில்வோரை முதல் நாளே திகைக்க வைப்பது ஒன்றுண்டு: மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை. இன்ன சுரத்தைத் தொடங்கு, இவ்வளவு அழுத்தமாக இசை, இப்போது நிறுத்து என்னும் கட்டளைகளே செல்கின்றன. ஒலி எழுப்பத் தனிக் கருவியும் ஒலிபெருக்கியும் வேண்டும். கட்டளைகள் 16 தடங்களில் ஏதேனும் ஒன்றில் செல்வதால், அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே தட எண்ணில் இருத்தல் அவசியம். கருவி பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் இவ்விரண்டையும் பார்த்தல் நலம்.

இனிப் பஞ்சவாத்தியக் கணக்கிற்கு வருவோம். ஓர் அட்சரத்திற்கு ஒரு படி என்று கொண்டு 16 படிகளாலேயே எண்ணினால், 896க்கு 56 சுற்றும், 448க்கு 28 சுற்றும், 224க்கு 14 சுற்றும், 112க்கு 7 சுற்றும் வேண்டும். இதுவரை இடரில்லை. 56க்கு வந்தவுடன் மூன்றரைச் சுற்று! கருவி பாதிச் சுற்றில் நிற்கும்போது மேளம் முடிந்து போகின்றது. இது மேளத்தின் குறையன்று. 896 என்பது 7ஐ 128ஆல் பெருக்கியது. ஏழின் மேல் எழுந்த இக்கட்டடத்தைப் பதினாறால் அளந்ததே பிழை.

பரிகாரம் எளிது. பெரும்பாலான கருவிகளில் கடைசிப்படி எது என்று மாற்றியமைக்க வழியுண்டு. அதை 14 ஆக்கினால் ஐந்து காலங்களும் 64, 32, 16, 8, 4 சுற்றுகளாக ஒழுங்காகப் பாதிப்படும். மிசிர சாபுவுக்கும் 14 படி பொருந்தும். கண்ட சாபுவுக்கு 10 படி. சதுசிர நடையிலுள்ள ஆதி தாளத்தின் 8 அட்சரங்களுக்கு, அட்சரத்திற்கு நான்கு மாத்திரை வீதம், 32 படி.

நடை மாறும்போது இன்னொரு நுட்பம் உண்டு. கருவி நான்கு படிகளை ஓர் அடியாகக் கொண்டே வேகத்தைக் காட்டும். ஆதி தாளத்தைக் கண்ட நடையில் அமைக்க 40 படி வேண்டும். நிமிடத்திற்கு 60 அட்சரம் செல்ல வேண்டுமாயின், மாத்திரைகள் 300; அதை நான்கால் வகுத்தால் 75. எனவே வேகக் குமிழை 75இல் வைத்தல் வேண்டும், 60இல் அன்று. மிசிர நடைக்கு 56 படி, மாத்திரை 420, வேகம் 105. எண்கணித வகுப்பிற்கும் இது நல்ல பயிற்சி.

சுரங்களைப் பொறுத்தவரை இக்கருவியிடம் அதிகம் எதிர்பார்த்தல் தகாது. படிக்கு ஒரு சுரம் என வைத்தால் ஹார்மோனியக் கட்டைகளைப் போல் துண்டு துண்டாக ஒலிக்கும். தோடியின் காந்தாரம் அசையும் அசைவு எந்தப் படியிலும் அடங்குவதில்லை. சுருதியை வளைக்கும் கட்டளை ஒன்று மிடியில் உண்டு. 16,384 நிலைகள் கொண்டது. ஆயினும் அதைக் கொண்டு ஒரு கமகத்தைச் செதுக்கும் நேரத்தில் மாணவர் அதனை ஆசிரியரிடம் பாடியே கற்றுவிடலாம். தாளத்தைப் பெட்டிக்கும் பாட்டைத் தொண்டைக்கும் விடுவதே முறை.

தாளத்திலும் முழுப்பொறுப்பைப் பெட்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. காலத்திற்குக் காலம் வேகம் ஏறுவதை ஆசிரியரே குமிழைத் திருகி நடத்த வேண்டும். மாணவர் கையால் தாளம் போட்டுக்கொண்டே அதனைத் தொடர வேண்டும். பிறகு, கருவியை நிறுத்தாமல் ஒலியை மட்டும் ஒரு சுற்றுக்கு அடக்கிவிட வேண்டும். உள்ளே எண்ணிக்கை ஓடும். வகுப்பில் கைத்தட்டு மட்டும் கேட்கும். ஒலி திரும்பும்போது அதன் முதற் தட்டும் மாணவரின் கையும் ஒருங்கே விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு சுற்று அடக்கினால் போதும், அதன்பின் இரண்டு, பின்னர் நான்கு.